ஒழுகும் வீட்டைச் சரிசெய்வதா, புது வீட்டுக்குச் சேர்ப்பதா? ஒரு 6 லட்ச ரூபாய்க் கேள்வி

தீபாவளி லீவுக்கு ஊருக்கு வந்த இரண்டாம் நாளே அந்தப் பேச்சு ஆரம்பித்துவிடும்.

"தளம் ஒழுகுது தாயி. கார்த்திகை மழைக்குள்ள ஒரு வழி பண்ணணும்" என்பார் அப்பா.

"வருஷா வருஷம் இதேதான். இதுல காசைக் கொட்டுறதுக்கு சிவகாசியில ஒரு வீடு பாத்துரலாமேப்பா" என்பாள் மகள்.

"ஆலை வேன் நம்ம தெரு முனையில வந்து நிக்குது. அங்க போயிட்டா நான் எப்படி வேலைக்குப் போறது?" அடுப்படியில் இருந்து அம்மாவின் குரல் வரும்.

மூன்று பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் ஒரு முடிவும் எடுக்காமலே லீவு முடிகிறது, மகள் சென்னை பஸ் ஏறிவிடுகிறாள். அடுத்த ஐப்பசியில் மறுபடியும் அதே பேச்சு.

விருதுநகர் மாவட்டம் சிவகாசி வட்டாரத்தில், எம். புதுப்பட்டி மாதிரியான ஊர்களில் இருந்து படித்து வெளியூர் வேலைக்குப் போன பலருக்கும் இந்தக் காட்சி புதிதல்ல. பழைய வீட்டைச் சரிசெய்வதா, அந்தக் காசைச் சேர்த்து இடம் மாறுவதா? இதற்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே பதில் கிடையாது. ஆனால் எந்த வரிசையில் யோசிக்க வேண்டும் என்பதற்கு ஒரு வழி இருக்கிறது. மேலே பார்த்த குடும்பம் கற்பனைதான். அவர்களையே உதாரணமாக வைத்துப் பார்ப்போம்: அம்மா பட்டாசு ஆலையில், அப்பா அச்சகத்தில் பைண்டிங் வேலையில், மகள் சென்னையில் ஐ.டி. கம்பெனியில், தம்பி கல்லூரியில்.

முதல் கேள்வி: குறை கட்டடத்திலா, இடத்திலா?

ஒரு பேப்பரை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம், கொத்தனாரால் சரிசெய்ய முடிந்த குறைகள்: தளம் ஒழுகுகிறது, ஒயரிங் பழசு, கழிப்பறை வீட்டுக்கு வெளியே இருக்கிறது, கோடையில் மேல்சூடு தாங்கவில்லை. வலப்பக்கம், எந்தக் கொத்தனாராலும் சரிசெய்ய முடியாத குறைகள்: ராத்திரி அவசரத்துக்கு ஆஸ்பத்திரி தூரம், தம்பிக்கு வேலை டவுனில்தான், தெருவில் கார் நுழையாது, தண்ணீர்க் கஷ்டம்.

இடப்பக்கம்தான் நீளமாக இருக்கிறது என்றால், இடம் மாறும் யோசனையைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம். வலப்பக்கம் நீளம் என்றால், எத்தனை லட்சத்துக்கு டைல்ஸ் போட்டாலும் ஐந்து வருடத்தில் அதே பேச்சு திரும்ப வரும்.

இந்த லிஸ்ட்டை வீட்டில் ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதுவது நல்லது. மகளுக்குக் குறையாகத் தெரிகிற கிராமம்தான் அம்மாவுக்குச் சம்பளம் தருகிறது. வேன் வந்து ஏற்றிப்போகும் வேலை, கைமாத்து கொடுக்கும் பக்கத்து வீடு, கடனுக்குச் சாமான் தரும் கடை எல்லாமே அவர் கணக்கில் சொத்துதான். அவர் வேலையை விட வேண்டி வந்தால், நின்றுபோகும் அந்தக் கூலியும் இடம் மாறும் செலவில் சேர வேண்டும்.

இரண்டாவது கேள்வி: கட்டடம் தாங்குமா?

"சும்மா ஒரு பூச்சு பூசிட்டா போதும்" என்று மேஸ்திரி சொல்லலாம். நம்புவதற்கு முன் இரண்டு விஷயங்களைப் பாருங்கள்.

ஒன்று, கம்பி. தளத்தில் இறங்கும் ஈரம் உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு, அது தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும். அதனால் உள்ளிருந்தே கான்கிரீட்டைத் தள்ளும். முதலில் விரிசல், பிறகு கட்டியாகப் பெயர்ந்து விழும். இந்த நிலையில் மேலே பூசினால் துரு மறையுமே தவிர நிற்காது. பெயர்ந்த இடத்தைத் தட்டி எடுத்து, கம்பியைச் சுத்தம் செய்து, தேவைப்பட்டால் புதுக் கம்பி சேர்த்துத்தான் மூட வேண்டும். தளம் முழுக்க இப்படி என்றால் அது ரிப்பேர் வேலை இல்லை. புதுத் தளமே போட வேண்டியிருக்கும்.

இரண்டு, மண். சிவகாசி, சாத்தூர் சுற்றுவட்டாரத்தில் கரிசல் மண் அதிகம். மழையில் ஊதும், கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். அஸ்திவாரம் ஆழம் போதாமல் அதன்மேல் நிற்கும் வீடும் கூடவே அசையும். ஜன்னல் மூலையில் இருந்து சாய்வாக ஓடும் விரிசல், கோடையில் விரிந்து மழையில் மூடிக்கொள்ளும் விரிசல், திடீரென்று இறுக்கமாகிவிடும் கதவு ஆகியவை அஸ்திவாரம் அசைவதன் அடையாளமாக இருக்கலாம். இப்படிப்பட்ட வீட்டின் மேல் "ஒரு மாடி எடுத்துருவோம்" என்று இறங்குவது ஆபத்து.

இதைக் கண்டுபிடிக்க ஒரு பதிவு பெற்ற பொறியாளரைக் கூட்டிவந்து காட்டுங்கள். அவருக்குக் கொடுக்கும் ஃபீஸ், லட்சக்கணக்கில் போடப்போகும் காசுக்கு முன்னால் ரொம்பச் சின்னது.

அப்படியே இன்னொன்றையும் விசாரியுங்கள். வீடு 2000-2001-க்கு முன் அரசுத் திட்டத்தில் கட்டிய தொகுப்பு வீடா? அப்படிப்பட்ட ஊரக வீடுகளைப் பழுது பார்க்கவும், மோசமானவற்றை மறுபடி கட்டவும் தமிழக அரசு 2024-ல் இருந்து திட்டங்கள் அறிவித்தது. குடிசையில் இருப்பவர்களுக்கு 'கலைஞர் கனவு இல்லம்' திட்டத்தில் வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் என்றும் அறிவிக்கப்பட்டது. உங்கள் வீடு பட்டியலில் வருமா, இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்பதை ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் சொந்தக் காசை எடுங்கள்.

மூன்றாவது கேள்வி: வீடு யார் பேரில்?

யாரும் கேட்கத் தயங்கும் கேள்வி இது. ஆனால் பின்னாளில் பெரிய மனக்கசப்பு இங்கேதான் தொடங்குகிறது.

நம் உதாரணத்தில் வீடு அப்பா பேரில். மகள் 6 லட்சம் போட்டுப் புதுத்தளம், கழிப்பறை, தரை எல்லாம் செய்கிறாள். பணம் போட்டதால் மட்டும் அவளுக்கு வீட்டில் உரிமை வந்துவிடாது. அப்பா சுயமாகச் சம்பாதித்த வீடு என்றால் அவர் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். உயில் எழுதாமல் விட்டால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, மகள், மகன் மூவருக்கும் சம பங்கு. பூர்வீகச் சொத்திலும் மகளுக்குச் சம உரிமை உண்டு. தமிழ்நாடு 1989-லேயே அதற்குச் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது, மத்திய அரசு 2005-ல் கொண்டுவந்தது. ஆனால் எந்தப் பங்கீட்டிலும் "நான் போட்ட 6 லட்சம்" என்று தனியாக ஒரு பங்கு தானாக வந்து நிற்காது.

பெற்றவர்களுக்காகச் செய்வது என்றால் மனப்பூர்வமாகச் செய்யலாம், அதில் தவறே இல்லை. "இது என் முதலீடு" என்ற நினைப்பு ஓரத்தில் இருந்தால், வேலை தொடங்கும் முன்பே அப்பா, தம்பி எல்லோரையும் உட்காரவைத்துப் பேசிவிடுங்கள். குடும்பத்துக்குள் செட்டில்மென்ட், விடுதலைப் பத்திரம் எழுத முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய். 2023 ஜூலையில் இருந்து இதுதான் கணக்கு.

வங்கியும் இதையேதான் கேட்கும். வீட்டைச் சீரமைக்கக் கடன் வேண்டும் என்றால் பத்திரத்தில் பெயர் உள்ளவரும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். கிராம நத்தத்தில் இருக்கும் வீடு, பட்டா தாத்தா பேரிலேயே கிடக்கும் வீடு என்றால் அதைச் சரிசெய்வதுதான் முதல் வேலை. வீட்டை விற்பதாக இருந்தாலும், சீரமைப்பதாக இருந்தாலும், பட்டாவைச் சரியாக மாற்ற ஆகும் செலவு வீண் போகாது.

இப்ப கணக்குக்கு வருவோம்

மகள் மாதம் 15,000 ரூபாய் ஆர்.டி. போடுகிறாள். வட்டி 6.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் மூன்று வருடத்தில் ஏறத்தாழ 6 லட்சம் சேரும். இந்த 6 லட்சத்துக்கு இரண்டு வழி இருக்கிறது.

*வழி 1: வீட்டில் போடுவது.* கையில் உள்ள காசிலேயே வேலை முடிந்தால் கடன் இல்லை. சேர்க்கும்வரை காத்திருக்காமல் பர்சனல் லோன் எடுத்தால்? 12 சதவீத வட்டியில் 5 வருடத்துக்கு 6 லட்சம் என்றால் இ.எம்.ஐ. சுமார் 13,350 ரூபாய். வட்டி மட்டும் 2 லட்சம். கட்டாயம் கடன்தான் என்றால், வீட்டுப் பத்திரத்தின் பேரில் தரும் வீட்டுச் சீரமைப்புக் கடனை முதலில் விசாரியுங்கள். பொதுவாக அதன் வட்டி பர்சனல் லோனைவிடக் குறைவு.

*வழி 2: 25 லட்சத்துக்கு டவுனில் ஒரு வீடு.* "பத்து பர்சென்ட் கையில இருந்தா போதும், மிச்சத்தை பேங்க் குடுத்துரும்" என்று சொல்வார்கள். பாதி உண்மை. ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில் வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை வங்கி தரலாம். ஆனால் பத்திரச் செலவு அந்த மதிப்பில் சேராது (10 லட்சம் வரையிலான வீட்டுக்கு மட்டும் விலக்கு உண்டு). தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக 25 லட்சத்துக்கு 2.25 லட்சம் ரூபாய் கையில் இருந்து போகும். சொத்து மதிப்பு 10 லட்சத்துக்குள் இருந்து, பெண் பேரில் பதிந்தால், 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. சின்ன மனை வாங்குபவர்களுக்கு இது உதவும்.

ஆக 6 லட்சத்தில் பத்திரத்துக்கு 2.25 லட்சம், முன்பணம் 3 லட்சம், வக்கீல் ஒப்பீனியன், வங்கிச் செலவு, சாமான் ஏற்றுவது, பால் காய்ச்சுவது எல்லாவற்றுக்கும் மீதி 75,000. கடன் 22 லட்சம். 8.5 சதவீத வட்டியில் 20 வருடம் என்றால் இ.எம்.ஐ. சுமார் 19,100 ரூபாய். மொத்தம் கட்டுவது ஏறத்தாழ 45.8 லட்சம். மிதக்கும் வட்டிக் கடன் என்றால் முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது. அதனால் போனஸ், இன்க்ரிமென்ட் வரும்போதெல்லாம் அசலில் கட்டினால் இந்தத் தொகை நன்றாகவே குறையும்.

இரண்டு வழியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வீட்டைச் சீரமைக்கும் அதே 6 லட்சம்தான் புது வீட்டுக்கு முன்பணமும் பத்திரச் செலவும். இரண்டையும் செய்துவிடலாம் என்று இறங்கும் குடும்பங்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கின்றன. 4 லட்சத்துக்கு வீட்டை அலங்கரித்துவிட்டு, அடுத்த வருடமே மனை வாங்க நகையை வைக்கிறார்கள்.

வருமான வரியிலும் இரண்டும் ஒன்றல்ல. பழைய வரி முறையில், சொந்தக் குடியிருப்பு வாங்க, கட்ட எடுத்த கடனின் வட்டிக்கு வருடம் 2 லட்சம் வரை கழிவு. ரிப்பேர், புதுப்பிப்புக்கு எடுத்த கடன் என்றால் 30,000 ரூபாய்தான். புதிய வரி முறையில் இருந்தால் சொந்தக் குடியிருப்புக்கு இந்தக் கழிவே கிடையாது. "டேக்ஸ் மிச்சமாகும்" என்று யாராவது லோன் விற்க வந்தால், உங்கள் சம்பளம் எந்த முறையில் போகிறது என்பதைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

நகரத்தில் முதல் வீடு வாங்குபவர்களுக்கு 2024 செப்டம்பரில் தொடங்கிய பிரதமர் வீட்டு வசதித் திட்டம் 2.0-ல் 1.80 லட்சம் ரூபாய் வரை வட்டி மானியம் உண்டு. ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள், வீட்டு விலை 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். முக்கியமான நிபந்தனை, குடும்பத்தில் யார் பேரிலும் நாட்டில் எங்கும் காரை வீடு இருக்கக் கூடாது. குடும்பம் என்றால் கணவன், மனைவி, திருமணமாகாத பிள்ளைகள். அப்பா பேரில் வீடு இருக்கும்போது திருமணமாகாத மகள் விண்ணப்பித்தால் சிக்கல் வரலாம். ஊர் வீட்டை முதலில் தன் பேருக்கு எழுதி வாங்கிவிட்டால், கல்யாணத்துக்குப் பிறகும் கதவு அடைபடும். எது முதலில், எது பிறகு என்று வங்கியில் கேட்டுத் தெளிந்துவிட்டு நகருங்கள்.

சீசன் சம்பளத்துக்கு 20 வருட இ.எம்.ஐ.

ஐ.டி. சம்பளம் மாதாமாதம் வருகிறது. வீட்டின் மற்ற வருமானம் அப்படி இல்லை. பட்டாசு ஆலையில் பல வேலைகள் பீஸ் கணக்கு. தீபாவளி முடிந்தால் ஆலை மூடி, பூஜை போட்டுத் திறக்கும்வரை கூலி இல்லை. அச்சகத்தில் ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் ஆல்பம் வந்தால் டிசம்பர் வரை ஓவர்டைம், பிறகு மந்தம்.

அதற்கு மேல் எதிர்பாராத அடிகளும் உண்டு. 2018 அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றம் பேரியம் கலந்த பட்டாசுக்கும் சரவெடிக்கும் தடை விதித்த பிறகு, சிவகாசி ஆலைகள் பல மாதங்கள் மூடிக் கிடந்தன. விபத்து நடந்தால் ஒரு குடும்பத்தின் கணக்கே மாறிப்போகும். 2023 அக்டோபர் 17-ல் ரெங்கபாளையத்திலும் கிச்சநாயக்கன்பட்டியிலும் ஒரே நாளில் நடந்த வெடிவிபத்துகளில் பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை இந்த வட்டாரம் மறக்கவில்லை.

ஆகவே இரண்டு விதிகள். முதலாவது, இ.எம்.ஐ.யை மாதச் சம்பளம் வாங்குபவரின் வருமானத்தில் மட்டும் கணக்கிடுங்கள். அம்மாவின் கூலியையும் அப்பாவின் ஓவர்டைமையும் அதில் சேர்க்காதீர்கள். இரண்டாவது, கடன் எடுப்பவர் பேரில் கடன் தொகைக்குக் குறையாத டேர்ம் இன்சூரன்ஸும், ஆறு மாத வீட்டுச் செலவு தனியாகவும் இருக்க வேண்டும். இது இல்லாமல் கிரயத் தேதி குறிக்காதீர்கள்.

"எங்களால கட்ட முடியுமா?" என்ற சந்தேகத்துக்கு ஒரு ஒத்திகை இருக்கிறது. கடன் எடுக்கும் முன், 12 மாதம் அந்த 19,100 ரூபாயை அப்படியே தனிக் கணக்கில் போட்டுப் பாருங்கள். ஒரு தீபாவளி, ஒரு காலேஜ் ஃபீஸ், ஒரு கல்யாணச் சீர் எல்லாம் அதற்குள் வந்துபோகும். 12 மாதமும் தவறாமல் போட முடிந்தால் தைரியமாக வீடு பார்க்கலாம். நான்கு மாதம் தவறினால், இந்த விலை வீடு இப்போதைக்கு வேண்டாம் என்று அர்த்தம். 12 மாதமும் போட்டால் 2 லட்சத்துக்கு மேல், நான்கு மாதம் தவறினாலும் ஒன்றரை லட்சம் பக்கம் கையில் சேர்ந்திருக்கும்.

மனை பார்க்கப் போகிறீர்களா?

சிவகாசி 2021-ல் திருத்தங்கலையும் சேர்த்துக்கொண்டு மாநகராட்சி ஆனது. இ. குமாரலிங்கபுரத்தில் ஜவுளிப் பூங்கா வருகிறது. இதையெல்லாம் சொல்லி மனை விற்பவர்கள் நிறைய. பேச்சை நம்பி அட்வான்ஸ் கொடுக்கும் முன் இவற்றைப் பாருங்கள்:

• அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவா? அங்கீகாரம் இல்லாத மனைகளில், 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவானவற்றைத்தான் வரன்முறைப்படுத்த வழி செய்தார்கள். அதற்குப் பிறகு பிரித்தது என்றால் தள்ளி நில்லுங்கள்.

• தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றிலும் பெயரும் அளவும் ஒத்துப்போகின்றனவா?

• சுற்றி என்ன இருக்கிறது? வெடிபொருள் விதிகள் 2008-ன்படி பட்டாசு ஆலைக்கும் கிட்டங்கிக்கும் குடியிருப்புக்கும் நடுவில் குறைந்தபட்ச இடைவெளி வேண்டும். மருந்தின் அளவைப் பொறுத்து அது மாறும். மனைக்குப் பக்கத்தில் ஆலையோ, வீட்டுக்குள் திருட்டுத்தனமாகத் திரி, பட்டாசு செய்யும் இடமோ இருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். ஒரு வேலைநாளில் பகலில் போய் நடந்து பாருங்கள்.

• மண் கரிசலா? அஸ்திவாரச் செலவு கூடும். மனை விலையோடு அதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

மனை வாங்கிக் கட்டுவதாக இருந்தால், 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம் என்றால் 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி கிடைக்கும். கிராம ஊராட்சிக்கும் இது பொருந்தும். சிமென்ட் மீதான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28-ல் இருந்து 18 சதவீதமாகக் குறைந்ததும் கட்டுபவர்களுக்குக் கொஞ்சம் ஆறுதல்.

அப்ப என்னதான் செய்வது?

பெரும்பாலான குடும்பங்களுக்குச் சரியாக வருவது, வேலைகளைப் பிரித்துக்கொள்வது.

*உடனே செய்ய வேண்டியவை:* ஒழுகும் தளம், பெயரும் கான்கிரீட், பழைய ஒயரிங், கழிப்பறை. இவை உயிர், உடம்பு சம்பந்தப்பட்டவை. மூன்று வருடத்தில் வீடு மாறப்போகிறோம் என்பதற்காக அம்மாவும் அப்பாவும் மூன்று மழைக்காலத்தை அந்தத் தளத்துக்கு அடியில் தூங்கிக் கழிக்க முடியாது. இதற்கு ஒரு வரம்பு வையுங்கள், உதாரணமாக ஒன்றரை லட்சம். பொறியாளர் அதற்குள் முடியாது என்று சொன்னால், அதுவே இடம் மாற வேண்டும் அல்லது முழுசாகக் கட்ட வேண்டும் என்பதற்கான பதில்.

*முடிவு எடுக்கும்வரை தொடக்கூடாதவை:* டைல்ஸ், ஃபால்ஸ் சீலிங், மாடுலர் கிச்சன், முன்பக்க எலிவேஷன். போட்ட காசு விற்கும்போது முழுதாகத் திரும்பும் என்று கிராமத்து வீட்டில் எதிர்பார்க்க முடியாது.

*கட்டாயம் செய்ய வேண்டியது:* எல்லாப் பில்லையும் பத்திரமாக வையுங்கள். நாளைக்கு வீட்டை விற்றால், கட்டடத்தை மேம்படுத்திய செலவை மூலதன ஆதாய வரிக் கணக்கில் கழிக்கலாம். பில் இல்லாத செலவை நிரூபிப்பது கஷ்டம்.

இடம் மாறுவது என்று தீர்மானித்தாலும் முதல் வருடம் வாடகைக்குப் போய்ப் பாருங்கள். அம்மாவுக்கு வேலைக்குப் போக வழி இருக்கிறதா, அப்பாவுக்குப் பொழுது போகிறதா, தண்ணீர் எப்படி என்பதெல்லாம் ஒரு வருடத்தில் தெரிந்துவிடும். ஒத்துவரவில்லை என்றால் சாமானை ஏற்றிக்கொண்டு திரும்பிவிடலாம். 20 வருடக் கடனில் வாங்கிய வீட்டில் இருந்து அப்படித் திரும்ப முடியாது.

நம் கற்பனைக் குடும்பம் இந்தத் தீபாவளிக்கு வீட்டை மாற்றப்போவதில்லை. தளத்துக்கும் ஒயரிங்குக்கும் ஒன்றரை லட்சம், தாத்தா பேரில் கிடக்கும் பட்டாவை மாற்ற மனு, தை மாதத்தில் இருந்து 19,100 ரூபாய் ஒத்திகை. அம்மாவும் சம்மதித்துவிட்டார், ஒரு நிபந்தனையோடு: "எங்க வேணாலும் வீட்டைப் பாருங்க. ஆனா வேன் வர்ற தெருவாப் பாருங்க."